துணிவு அறையில் தட்டியது யார்?

இது நடந்தது. எனக்கு நடந்தது. நண்பனுடைய நண்பனுக்கு அல்ல, யாரோ ஒருவரின் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு அல்ல. நான் குடிப்பதில்லை. அன்று எனக்குக் காய்ச்சலும் இல்லை. வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானித் துப்பாக்கியை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டார்கள். ஆகவே, 'ஜன்னி கண்டிருக்கும்' என்று சொல்லக் கிளம்புகிறவர்கள் அப்படியே உட்காரலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு, நாய் ஊளை, அணைந்து அணைந்து எரியும் விளக்கு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. ராத்திரியில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. ராத்திரிக் காவலில் இருந்தவர் மிக நன்றாகத் தூங்குகிறவர்.

நான் சிறார் காப்பகத்தில் வார்டன். பதினெட்டு வயது நிரம்புவதற்கு முன்பே வழக்கில் மாட்டிக்கொண்ட பையன்களை வைத்திருக்கும் இடம். ஊரெல்லாம் தொற்று பரவிய அந்த வருடம், 'ஆறடி இடைவெளி விட்டு நிற்கவும்' என்று எங்கள் சுவர்களிலும் எழுதி ஒட்டினோம். எங்கள் கூடத்தில் ஆறடி இடைவெளி விட்டால் பாதிப் பையன்கள் தெருவில்தான் நிற்க வேண்டும். இந்த உண்மை மேலிடத்துக்கு எட்ட ஒரு மாதம் ஆயிற்று. எட்டியதும் உத்தரவு பறந்து வந்தது. ஒரு பகுதிப் பையன்களை வேறு கட்டடத்துக்கு மாற்று.

அந்த வேறு கட்டடம் நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக நின்றது. ஒரு பெரிய நிறுவனம் தன் அதிகாரிகளுக்குத் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுப்பதற்காகக் கட்டிய பயிற்சி மையம். அங்கே தலைமைப் பண்பு கற்றவர்கள் நிறுவனத்தை வழிநடத்திய வேகத்தில் அது திவாலாகி, கட்டடம் காலியாகி, அரசாங்கத்தின் கைக்கு வந்திருந்தது. அறைகளுக்கு எண் கிடையாது. பெயர்தான். பித்தளைப் பலகையில் இலக்கு, முயற்சி, ஊக்கம் என்று பொறித்து வைத்திருந்தார்கள். ஒரு பையனைத் தனியே அடைத்துப் பூட்டிய அறைக்கு 'குழு உணர்வு' என்று பெயர். வராந்தாவின் கடைசிக்கு முந்தைய அறை துணிவு. கடைசி அறை பொறுமை. பொறுமையில் பழைய நாற்காலிகளைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

பையன்களை வேனில் அழைத்துப் போனது நான்தான். பதினொரு பேர். இறங்குவதற்கு முன் வேனுக்குக் கிருமிநாசினி அடித்தார்கள். பிறகு சக்கரத்துக்கு அடித்தார்கள். பிறகு எங்கள் கண்காணிப்பாளர் வந்து, "படம் எடுத்தாச்சா?" என்று கேட்க, எடுக்கவில்லை என்று தெரிந்து, மறுபடி முதலிலிருந்து அடித்தார்கள். வேனுக்குள் பையன்கள் வெந்துகொண்டிருந்தார்கள்.

கண்காணிப்பாளரை நாங்கள் நேரில் ஐயா என்போம். முதுகுக்குப் பின்னால் நேரலை. எப்போதும் ஏதாவது ஒரு காணொளிக் கூட்டத்தில் இருப்பார். மேலே கோட்டு, கழுத்துப்பட்டை. மேசைக்குக் கீழே லுங்கி.

அவர் கண்டுபிடித்ததுதான் 'தொடுகையற்ற இருப்புச் சரிபார்ப்பு'. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கதவைத் தட்டுவதுதான். புதிதாக வந்த பையன்கள் பதினாலு நாள் தனித்தனி அறையில் இருக்க வேண்டும். பாதுகாப்பு உடுப்புக்குப் பஞ்சம், ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஆகவே காலை எட்டு மணிக்கு ஒருவர் உடுப்பை மாட்டிக்கொண்டு கதவுகளைத் திறந்து, அன்றைய முழுநாள் சாப்பாட்டுப் பொட்டலங்களையும் தண்ணீர் கேனையும் வைத்துவிட்டு வருவார். அதன் பிறகு மறுநாள் எட்டு வரை கதவு திறக்காது. பேசவும் கூடாது. பேசினால் எச்சில் துளி கதவிடுக்கில் பறந்து வருமாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வார்டன் வெளியிலிருந்து இரண்டு தட்டு தட்டுவார். பையன் உள்ளிருந்து இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டினால் இருக்கிறான் என்று கணக்கு.

ஐயா இதை விளக்கப் படம் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். படத்தில் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. நடுவில் அம்புக்குறி.

துணிவு அறையில் இருந்தவனுக்கு ஒல்லி என்று பெயர். பதினாறு வயது. யாருடைய மோட்டார் சைக்கிளையோ 'ஓட்டிப் பார்த்த' வழக்கு. அவனுக்கு அக்கா ஒருத்தி மட்டும்தான். துணிக்கடையில் வேலை பார்த்தவள். கடை மூடியதும் வீட்டிலேயே முகக்கவசம் தைத்து, அந்தப் பணத்தில் வக்கீல் வைத்து, தம்பிக்கு ஜாமீன் வாங்கிவிட்டாள். ஜாமீன் வந்த வேளையில் நாங்கள் அவனை இடம் மாற்றியிருந்தோம். இடம் மாறினால் பதினாலு நாள் முடியாமல் விட மாட்டார்கள்.

அவள் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கைபேசியில் கூப்பிடுவாள்.

"சார், இருக்கானா?"

"இருக்கான்மா. தட்டினான்."

"சின்ன வயசுல அவனுக்கு மூச்சு இழுப்பு இருந்துச்சு சார். குளிர்ந்தா வரும். கொஞ்சம் பாத்துக்கங்க."

பார்க்கத்தான் முடியாதே. பார்வையாளர் சந்திப்பை நிறுத்தியிருந்தார்கள். பேசவும் கூடாது. அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். ஐந்து மணிச் சுற்றில் துணிவு அறைக்கு வரும்போது கைபேசியைக் கதவோடு சேர்த்துப் பிடிப்பேன். நான் தட்டுவேன். அவன் எவர்சில்வர் டம்ளரால் தட்டுவான். டங்... என்று ஒன்று பலமாக. பிறகு நெடுநேரம் யோசிப்பான். பிறகு, போனால் போகட்டும் என்பது போல மெதுவாக இன்னொன்று.

அவள் சிரிப்பாள்.

"சோம்பேறி சார் அவன். வீட்டுக் கதவையும் இப்படித்தான் தட்டுவான். ரெண்டாவது தட்டுறதுக்குள்ள நான் போய்த் திறந்துடுவேன்."

மற்ற வீடுகளில் காணொளியில் முகம் பார்த்தார்கள். இவளுக்கு ஒரு டம்ளர் சத்தம். அதுதான் அவர்களுடைய சந்திப்பு.

முதல் தவறு ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. மணி மூன்று.

வெளியே வெயில். நெடுஞ்சாலையில் ஒரு வண்டி இல்லை. ஊரடங்கின் அமைதி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தேன். கை பழகிவிட்டது. மனம் எங்கேயோ இருந்தது. துணிவைத் தாண்டிய கை, அடுத்த கதவையும் தட்டிவிட்டது.

பொறுமை.

ஆளில்லாத அறை.

'அட, இதை ஏன் தட்டினேன்' என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

டொக். டொக்.

நின்றேன்.

பக்கத்து அறை ஒல்லியின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். சுவரைத் தட்டி விளையாடுகிறான். ஆனால் சத்தம் சுவரிலிருந்து வரவில்லை. கதவிலிருந்து வந்தது. அதுவும் கீழே... என் முழங்கால் உயரத்திலிருந்து.

வேன் டிரைவரைக் கூப்பிட்டேன். வேலை இல்லாமல் வேனுக்கடியில் படுத்திருந்தான். வந்து காது வைத்துக் கேட்டான்.

"எலியா இருக்கும்ணே."

"எலி ரெண்டே தடவை தட்டிட்டு நிறுத்துமா?"

"பயிற்சி மையத்து எலி இல்ல? படிச்சிருக்கும்."

பொறுமையில் பையன் யாரும் இல்லை. அதைத் திறக்க அனுமதி தேவையில்லை, உடுப்பும் தேவையில்லை. காவலறையிலிருந்து சாவி வாங்கித் திறந்தோம்.

உள்ளே நாற்காலிகள். தரையிலிருந்து கூரை வரை, சுவரிலிருந்து கதவு வரை, ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கியிருந்தார்கள். கதவுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. எல்லா இருக்கையிலும் தூசி. ஒரு விரல் தடம் கிடையாது. ஓர் எறும்புத் தடம் கிடையாது.

டிரைவர் கதவின் உட்புறத்தைக் காட்டினான். அங்கேயும் தூசிதான். ஆனால் முழங்கால் உயரத்தில் ஓர் இடம் மட்டும், பெரிய பொத்தான் அளவுக்கு வட்டமாக, பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

விரல் முட்டி பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் போல.

டிரைவர் அதன் பிறகு நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. "பூட்டுங்கண்ணே" என்று மட்டும் சொன்னான்.

ஐயாவிடம் போனேன். இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் இருந்தார்.

"நம்ம இருப்பு எத்தனை?"

"பதினொண்ணுங்கய்யா."

"பதில் எத்தனை வந்துது?"

"பன்னிரண்டு."

அவர் முகத்தில் பயம் வந்தது. பேய்க்காக அல்ல.

"கூடுதல் பதில் வரக்கூடாது மிஸ்டர். மேலிடத்துக்கு நான் என்ன சொல்வேன்? அந்தக் கதவைத் தட்டாதீங்க. தட்டலைன்னா பதில் வராது. பதில் வரலைன்னா அங்கே யாரும் இல்லை. புரியுதா?"

இவ்வளவு தெளிவாக ஒரு பேயை ஒழித்தவரை நான் பார்த்ததில்லை.

ஆனால் கை கேட்கவில்லை. மறுநாள் பதினோரு மணிச் சுற்றில் மறுபடி அந்தக் கதவின் முன் நின்றேன். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு குறுகுறுப்பு.

மூன்று தட்டினேன். டொக், டொக். இரண்டுதான் வந்தது.

ஒன்று தட்டினேன். இரண்டு வந்தது.

தட்டவே இல்லை. கையை மட்டும் ஓங்கினேன்.

டொக், டொக்.

பையன்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி தட்டுவார்கள். ஒருவன் பாட்டுத் தாளத்தில் தட்டுவான். ஒருவன் காலால் உதைப்பான். ஒருவன் தூக்கத்தில் தட்டுவான். இது அப்படியில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரே இடைவெளி. ஒரே அழுத்தம். ஐயாவின் விளக்கப் படத்தைப் படித்து மனப்பாடம் செய்தது போல.

அன்று வீட்டுக்குப் போனேன். அந்த நாட்களில் என் மனைவி என்னை வாசல் வழியாக விடமாட்டாள். கொல்லைப்பக்கம் போய், சட்டையைச் சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கி, குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். வாளிக்கு அந்தப் பக்கம் நின்ற அவளிடம் சொன்னேன்.

"பேயா? முகக்கவசம் போட்டிருந்துச்சா?"

"விளையாடாதே."

"நான் ஒண்ணும் விளையாடலை. அதைத் தொட்டீங்களா, இல்லையா? தொட்டிருந்தா இன்னொரு தடவை கையைக் கழுவுங்க."

கழுவினேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிச் சுற்றில் பொறுமையைத் தட்டினேன்.

பதில் இல்லை.

மறுபடி தட்டினேன். இல்லை. பதினோரு மணிக்கும் இல்லை. ஒரு மணிக்கும் இல்லை. மார்பிலிருந்து ஒரு பாறை இறங்கியது போல இருந்தது. டிரைவரிடம் சொன்னேன்.

"போயிடுச்சுடா."

"எங்க போச்சு?" என்றான்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒல்லிக்கு விடுதலை. பதினாலு நாள் அன்றோடு முடிகிறது. அக்கா அவனுக்கென்று தலையணை வாங்கி வைத்திருந்தாள். அதைப் பற்றிப் புதன்கிழமையே இரண்டு முறை சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சாப்பாடு வைத்தவர், "துணிவுல இருக்கிற பையன் கொஞ்சம் இருமுறான்" என்றார். இருமல் என்று எழுதினால் விடுதலை தள்ளிப்போகும். பையனே, "தூசி சார், எழுதிடாதீங்க" என்று கும்பிட்டானாம். எழுதவில்லை.

பதினோரு மணிக்கு டம்ளர் சத்தம் கேட்டது. டங்... நெடுநேரம்... ஒன்று.

ஒரு மணிக்கும் கேட்டது. முதல் தட்டே மெதுவாக இருந்தது. இரண்டாவதுக்காக ரொம்ப நேரம் நின்றேன். வந்தது. வந்ததா, அல்லது டம்ளர் கீழே உருண்டதா... சரி, வந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணி. துணிவு. தட்டினேன்.

டொக். டொக்.

உடனே வந்தது. இரண்டும் ஒரே அளவு. நல்ல பலம்.

'அட, சோம்பேறிக்கு விடுதலை என்றதும் சுறுசுறுப்பு வந்துவிட்டது' என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அந்த வழியாக வந்த ஐயாவும் கேட்டுவிட்டு நின்றார்.

"பாத்தீங்களா மிஸ்டர்? ஒழுங்கு வந்துடுச்சு. எல்லாரும் இப்படித் தட்டினா எப்படி இருக்கும்!"

ஐந்து மணிக்கு அவருக்கு முக்கியமான கூட்டம். மேலிடத்தில் பெரிய பெரிய ஆட்கள் பார்க்கப்போகிறார்கள். தொடுகையற்ற இருப்புச் சரிபார்ப்பைப் பற்றி அவர்தான் பேசப்போகிறார். காலையிலிருந்து கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தார்.

சரியாக ஐந்துக்கு என் கைபேசி அடித்தது.

"சார், இருக்கானா? நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

"இரும்மா. அவன்கிட்டயே கேளு."

சிரித்துக்கொண்டே கைபேசியைத் துணிவு அறைக் கதவோடு சேர்த்துப் பிடித்தேன். தட்டினேன்.

டொக். டொக்.

கைபேசியைக் காதில் வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. தையல் இயந்திரம் ஓடும் சத்தம் எப்போதும் பின்னால் கேட்கும். அது நின்றிருந்தது.

"கேட்டுச்சாம்மா?"

"சார்..."

"சொல்லும்மா."

"அது என் தம்பி இல்ல சார்."

வெயில் வராந்தாவில் பாதி தூரம் விழுந்திருந்தது. என் கால்களில் சூடு தெரிந்தது. முதுகு சில்லிட்டது.

"இன்னொரு தடவை தட்டுங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்."

தட்டினேன்.

டொக். டொக்.

கீழேயிருந்து வந்தது.

முழங்கால் உயரத்திலிருந்து.

விதியை மறந்து கத்தினேன். "டேய் ஒல்லி! அக்கா பேசுறா. வாயைத் திறந்து பேசுடா!"

டொக். டொக்.

"உடம்பு சரியில்லையா? சரியில்லைன்னா ஒரே ஒரு தட்டு தட்டு!"

டொக்...

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

டொக்.

குனிந்தேன். சத்தம் வந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். கதவு ஐஸ் போலக் குளிர்ந்தது. நான் தட்டவில்லை. என் கைக்கு நேர் பின்னால், மரத்தின் அந்தப் பக்கம்... அது தட்டியது.

டொக். டொக்.

கைபேசியில் அவள் குரல் சின்னதாகக் கேட்டது. "சார், திறங்க. சார், திறந்துடுங்க சார்..."

ஓடினேன்.

பையன்களின் அறைச் சாவிகள் ஐயாவின் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். அவர் கோட்டும் கழுத்துப்பட்டையுமாகத் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் ஏராளமான தலைகள். அவர் ஒரு கையால் ஒலியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்து உறுமினார்.

"என்ன?"

"துணிவு ரூமைத் திறக்கணும். பையனுக்கு ஏதோ ஆயிடுச்சு."

"தட்டினீங்களா?"

"தட்டினேன்."

"பதில் வந்துதா?"

"வந்துது, ஆனா..."

"பதில் வந்துதுல்ல? அப்புறம் என்ன மிஸ்டர்?"

இழுப்பறையை இழுத்தேன். சாவிக்கொத்தை எடுத்தேன். அவர் பாய்ந்து எழுந்தார். எழுந்ததில் லுங்கி மேலிடம் முழுவதற்கும் தெரிந்தது. "உடுப்பு! உடுப்பு போடாமத் திறக்காதீங்க!" என்று அவர் கத்தியது வராந்தா முழுக்க என் பின்னால் வந்தது.

துணிவு.

சாவி நுழையவில்லை. கொத்தில் அடுத்த சாவியைச் செருகினேன்.

உள்ளே தட்டிக்கொண்டே இருந்தது. இப்போது நான் தட்டாமலே. டொக் டொக். டொக் டொக். எல்லாம் சரியாக இருக்கிறது, போ என்பது போல. டொக் டொக். டொக் டொக்.

பூட்டு திரும்பியது.

சத்தம் நின்றது.

கதவை இழுத்தேன்.

கதவருகில் யாரும் இல்லை.

ஒல்லி அந்தக் கோடியில் கிடந்தான். கட்டிலுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே, குப்புற. கதவிலிருந்து அவனை எட்டுவதற்கு அறையின் முழு நீளத்தையும் நான் ஓட வேண்டியிருந்தது. டம்ளர் அவன் கைக்கு எட்டாத தூரத்தில் கவிழ்ந்திருந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. புரட்டினேன். உதடு நீலமாக இருந்தது. மார்பு மட்டும் ஏறி இறங்கியது, விசிலடிப்பது போல ஒரு சத்தத்தோடு.

கண் திறந்திருந்தது.

என்னைப் பார்க்கவில்லை.

என் தோளுக்குப் பின்னால், கதவைப் பார்த்தது.

நான் திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை. அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு வாசலைத் தாண்டினேன்.

தாண்டிய பிறகு...

திறந்து கிடந்த கதவில்...

டொக். டொக்.

டிரைவர் வேனை எடுத்து நிறுத்தியிருந்தான். பையனைக் கிடத்திவிட்டு நானும் ஏறினேன்.

முதல் ஆஸ்பத்திரியில் காகிதம் கேட்டார்கள். இரண்டாவதில் படுக்கை இல்லை என்றார்கள். இரண்டாவது வாசலில் டிரைவர் இறங்கிப் போய் என்ன பேசினான் என்று தெரியாது. வரும்போது அவன் சட்டைப் பொத்தான் இரண்டு இல்லை. ஆனால் கூடவே தள்ளுவண்டியும் பிராணவாயு உருளையும் வந்தன.

பையன் பிழைத்தான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் இழுத்தது. நாலாவது நாள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்காவைப் பார்த்துக் கையாட்டினான். அவள் புதுத் தலையணையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

எனக்கு இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, உடுப்பில்லாமல் அறையைத் திறந்ததற்கு விளக்கம் கேட்டு. இன்னொன்று, பதினாலு நாள் என்னைத் தனிமைப்படுத்திக்கொள்ளச் சொல்லி. கொல்லைப்பக்க அறையில் இருந்தேன். முதல் நாள் மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டு, கதவை இரண்டு தட்டு தட்டினாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். அதன் பிறகு அவள் தட்டுவதில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கல்யாணமான இருபது வருடத்தில் அவள் என் பெயரைச் சொன்னது அப்போதுதான். நல்லாத்தான் இருந்தது.

என் பதினாலு நாள் முடிந்த பிறகுதான் ஒல்லியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள், நான் போயிருந்தேன். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். அவன் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தான். முன்னைவிட ஒல்லி. நானாகக் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

"மதியத்துல இருந்தே எழுந்திரிக்க முடியல சார். நீங்க தட்டினதெல்லாம் கேட்டுச்சு. கத்தலாம்னா குரல் வரல."

"விடுடா. முடிஞ்சு போச்சு."

"கதவுகிட்ட ஒருத்தன் உக்காந்திருந்தான் சார்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முதுகுதான் தெரிஞ்சுது. என் வயசுதான் இருக்கும். காலை மடக்கி உக்காந்திருந்தான். நீங்க தட்டினதும் திருப்பித் தட்டினான். நான் மனசுக்குள்ள கெஞ்சினேன். தட்டாதடா, தட்டாம இருந்தா அவங்க திறப்பாங்கடான்னு."

"அப்புறம்?"

"திரும்பிப் பாத்துச் சிரிச்சான் சார். 'ரெண்டு தட்டு தட்டினா போதும். யாரும் திறக்க மாட்டாங்க'ன்னான்."

அக்கா மருந்தோடு வந்துவிட்டாள். அவன் எழுந்து அவளோடு நடந்தான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் அவர்கள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கட்டடத்தில் முன்பு யாராவது செத்தார்களா என்று விசாரித்தேன். கேட்பீர்கள் என்று தெரியும். யாரும் சாகவில்லை. புத்தம்புதுக் கட்டடம். அதற்கு முன் வெறும் பொட்டல். நானும் என்னென்னவோ தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஐயாவுக்குப் பதவி உயர்வு வந்தது. நியாயமாகப் பார்த்தால் அவர் முறையில் ஒரு குறையும் இல்லை. துணிவு அறையிலிருந்து ஒரு சுற்றில்கூடப் பதில் தவறியதில்லையே. அவர் அப்படித்தான் எழுதி அனுப்பினார். நூற்றுக்கு நூறு. மேலிடம் பாராட்டி, தொடுகையற்ற இருப்புச் சரிபார்ப்பை எல்லாக் காப்பகங்களிலும் கொண்டுவந்தது. விளக்கப் படத்தையும் கூடவே அனுப்பினார்கள். ஒரு கை, இன்னொரு கை, நடுவில் அம்புக்குறி.

தொற்று ஓய்ந்த பிறகு ஒருநாள் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. எங்கோ தொலைவில் இருக்கும் இன்னொரு காப்பகத்தின் வார்டன். என்னை அவருக்குத் தெரியாது. எங்கள் டிரைவரிடம் எண் வாங்கியிருந்தார். சுற்றி வளைத்துப் பேசினார். நீங்கள் அங்கே எதையோ பார்த்தீர்களாமே என்றார். நான் பிடி கொடுக்கவில்லை.

"சும்மா சொல்லுங்கண்ணே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"முதல்ல நீங்க சொல்லுங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

அவர் எழுந்து போய் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எங்க கட்டடத்தைக் காலி பண்ணிட்டோம்ணே. கடைசிப் பையன் வரைக்கும் நானே வேன்ல ஏத்தி அனுப்பினேன். மத்தியானம். உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. வராந்தாவைப் பூட்டறதுக்கு முன்னாடி, பழக்கதோஷம் பாருங்க, சும்மா ஒரு கதவைத் தட்டினேன்."

"பதில் வந்துதா?"

"வந்துதுண்ணே."

"எந்தக் கதவு?"

"நான் தட்டினது ஒரு கதவுதாண்ணே... எல்லாக் கதவும் தட்டுச்சு."